எதிர்காற்றும் ஆகாய விமானமும்

இராயபுரத்தில் பிறந்த எனக்குக் காற்று புதிதன்று. காசிமேட்டில் படகு செலுத்தும் என் தந்தையார், எதிர்காற்றைக் கண்டால் டீசல் செலவை எண்ணி முகஞ் சுளிப்பார். ஆதலின், சென்ற ஆண்டு மீனம்பாக்கத்தில் முதன்முறை விமானமேறிய யான், அது காற்றை எதிர்த்தே எழும் என்று கேட்டு அஞ்சினேன்.

காரணம் யாதெனில், விமானத்தைத் தூக்குவது நிலத்தின்மேல் அது ஓடும் வேகமன்று. இறக்கைமீது பாயும் காற்றின் வேகமே. இறக்கை அக்காற்றைக் கீழ்நோக்கித் திருப்ப, காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகின்றது. மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்காற்று வீசின், நிலத்தில் ஓடவேண்டிய வேகம் அவ்வளவு குறையும். குறுகிய ஓட்டமே போதும். 1910இல் பல்லாவரத்தில் டி ஏஞ்சலிஸ் என்பார் தம் விமானத்தைப் பறக்கவிட்ட காலத்தும் விதி இதுவே.

வீடு திரும்பி இதனைத் தந்தையாரிடம் விளக்கினேன். சற்று நேரம் கடலை நோக்கியிருந்தவர், “ஒருநாள் என்னையும் ஏற்றிப் போ, மகனே” என்றார்.