கப்பன் குதிரையும் கிளாஸ்கோ இரும்பும்

பெங்களூருவில் உயர் நீதிமன்றம் இருக்கும் சிவப்புக் கட்டடத்துக்கு அட்டாரா கச்சேரி என்று பெயர். அதன் முன்னால் ஒரு வெண்கலக் குதிரை நெடுங்காலம் நின்றது. அதன் மேல் அமர்ந்திருந்தவர் மார்க் கப்பன், 1834 முதல் 1861 வரை மைசூர் சீமையை நிர்வகித்த ஆங்கிலேய ஆணையர். 2020 ஜூன் மாதம் அந்தச் சிலையைப் பீடத்திலிருந்து இறக்கி, பின்புறம் இருக்கும் கப்பன் பூங்காவுக்குள், பாண்ட் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர் பெயரிலேயே ஊர் மக்கள் அழைக்கும் பூங்காவில் இப்போது மரங்களுக்கு நடுவே நிற்கிறார். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் குதிரையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

அந்தச் சிலை இடம் மாறியது அதுதான் முதல் தடவை என்றில்லை. 1866-இல் அதை நிறுவியபோது கன்டோன்மென்ட் பரேடு மைதானத்தில்தான் வைத்தார்கள். பட்டாளம் அணிவகுக்கிற இடத்தில் ஆளும் அதிகாரியின் உருவம் நிற்க வேண்டும் என்பது அன்றைய கணக்கு. பிறகு நிர்வாகம் நடக்கிற அட்டாரா கச்சேரி வாசலுக்கு வந்தது. அந்தக் கட்டடத்தை ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்ற தமிழர். இந்தக் கன்டோன்மென்ட்டின் கல்லிலும் சுண்ணாம்பிலும் தமிழர்களின் உழைப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கு அவர் ஒருவர் போதும்.

சிலையைச் செய்தவரைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. டூரின் நகரில் 1805-இல் பிறந்த கார்லோ மரோக்கெட்டி அவர். லண்டன் நாடாளுமன்றத்தின் முன்னால் வாளை உயர்த்திக்கொண்டு குதிரையில் அமர்ந்திருக்கும் முதலாம் ரிச்சர்ட் மன்னனின் சிலை அவர் கைவேலை. கிளாஸ்கோ நகரத்து வெலிங்டன் பிரபு சிலையும் அவருடையதுதான். அந்த வெலிங்டன் தலையில் போக்குவரத்துக் கூம்பு ஒன்றைக் கவிழ்த்து வைப்பதை ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாக விடாமல் செய்துவருகிறார்கள். போலீஸ் எடுத்தால் மறுபடி வைத்துவிடுவார்கள். ஒரே சிற்பியின் இரண்டு குதிரைகள்: ஒன்றைக் கிளாஸ்கோ கேலிப்பொருளாக்கி அன்பு காட்டுகிறது, மற்றதைப் பெங்களூரு சத்தமில்லாமல் பூங்காவுக்குள் நகர்த்தி வைத்திருக்கிறது.

சென்னையில் கதை வேறு விதமாகப் போனது. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை அகற்றச் சொல்லி 1927-இல் சத்தியாக்கிரகமே நடந்தது. ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு, 1937-இல்தான் அது சாலையைவிட்டுப் போனது. நீலுக்கு எதிராகப் பொங்கிய கோபம் கப்பனுக்கு எதிராகப் பெங்களூருவில் எழவில்லை. ஆள வந்தவர் கையில் ரத்தம் இருந்ததா இல்லையா என்பதை மக்கள் நன்றாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு ஐரோப்பியச் சிலைகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பது சரியில்லை.

கப்பன் பூங்காவின் கிழக்கு மூலையில் விக்டோரியா ராணி நிற்கிறார். வெள்ளைப் பளிங்கு, உயரம் 11 அடி. அதற்குக் கீழே 13 அடிக் கருங்கல் பீடம். 1906 பிப்ரவரி 5 அன்று, அப்போது வேல்ஸ் இளவரசராக இருந்த ஜார்ஜ் திறந்துவைத்தார். செய்தவர் தாமஸ் பிராக். ஐந்து ஆண்டுகள் கழித்து, லண்டன் பக்கிங்காம் அரண்மனை முன்னால் பிராக் செதுக்கிய பெரிய விக்டோரியா நினைவுச் சின்னம் திறக்கப்பட்டபோது, அதே ஜார்ஜ் அரசராகி வந்து அந்த இடத்திலேயே பிராக்குக்கு சர் பட்டம் கொடுத்தார். பெங்களூரு ராணியும் லண்டன் ராணியும் அக்கா தங்கை என்று சொன்னால் தப்பில்லை.

அன்று அந்த மூலைக்கு ஓர் அர்த்தம் இருந்தது. பூங்காவுக்கு மேற்கே மகாராஜாவின் பேட்டை, கிழக்கே ஆங்கிலேயரின் கன்டோன்மென்ட். இரண்டும் தனித்தனி நிர்வாகம், தனித்தனி உலகம். ராணி நின்றது அந்த எல்லைக்கோட்டில். சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டும் ஒரே மாநகராட்சி ஆயின. ராணியின் பக்கத்திலிருந்து நீளும் சவுத் பரேடு 1948-இல் மகாத்மா காந்தி ரோடு ஆனது. இன்று அந்த வழியே தினமும் போகும் ஆயிரக்கணக்கானவர்களில் அங்கே ஒரு எல்லை இருந்தது என்று அறிந்தவர்கள் குறைவு. ராணியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பளிங்கில் ஆடையின் மடிப்புகளைச் செதுக்கிய விதத்தை மட்டும் நின்று பாருங்கள், சிற்பியின் உளி எவ்வளவு பொறுமையாக ஓடியிருக்கிறது என்று தெரியும்.

எம்.ஜி. ரோட்டின் மறுகோடியில் டிரினிட்டி சர்ச் இருக்கிறது. அதன் உள்ளே கிளமென்ட் ஹில் என்ற ராணுவத் தளபதிக்கு ஆளுயரப் பளிங்குச் சிலை. செய்தவர் பாட்ரிக் மெக்டவல். லண்டன் ஆல்பர்ட் நினைவுச் சின்னத்தில் நான்கு கண்டங்களையும் நான்கு சிற்பக் குழுக்களாக வைத்தபோது, ஐரோப்பாவைச் செதுக்கும் வேலை இவருக்குத்தான் கிடைத்தது. அப்பேர்ப்பட்டவரின் படைப்பு இங்கே ஒரு சர்ச்சுக்குள் இருப்பது நகரத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் இந்த நகரத்தில் ஐரோப்பியக் கைவேலை முழுமையாக ஊர் மக்களுடையதாக மாறிப்போனது இரண்டு இடங்களில். அவற்றில் ஒன்று லால்பாக் கிளாஸ் ஹவுஸ்.

1889 நவம்பர் 30 அன்று விக்டோரியாவின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அதற்கு அடிக்கல் நாட்டினார். தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் கேமரன் மனதில் இருந்த முன்மாதிரி, லண்டனில் 1851 கண்காட்சிக்காக ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய கிறிஸ்டல் பேலஸ். வார்ப்பிரும்புப் பாகங்கள் கிளாஸ்கோவின் சாரசன் வார்ப்பாலையிலிருந்து வந்தன. வால்டர் மெக்ஃபார்லேன் நிறுவனம் நடத்திய அந்த ஆலை வேலை செய்த விதமே சுவாரசியமானது. தூண், கம்பி அழி, பூ வேலைப்பாடு, தூணுச்சி, நீரூற்று எல்லாவற்றுக்கும் எண் போட்டுப் பெரிய பெரிய அட்டவணைப் புத்தகங்கள் அச்சிட்டு உலகம் முழுக்க அனுப்புவார்கள். இங்கே உட்கார்ந்துகொண்டு எண்ணைக் குறித்து எழுதினால், பாகங்கள் கப்பலேறி வரும். வந்து சேர்ந்ததும் பூட்டி நிறுத்த வேண்டியதுதான். மைசூர் அரண்மனைக் கல்யாண மண்டபத்தின் இரும்புத் தூண்களும் அதே ஆலையில் வார்த்தவை. அந்த அரண்மனைக்குக் கட்டடக் கலைஞர், சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் பங்குள்ள ஹென்றி இர்வின்.

பின்னால் நடந்ததுதான் வியப்பு. முன்மாதிரியாக இருந்த கிறிஸ்டல் பேலஸ் 1936-இல் தீப்பிடித்து அழிந்தது. தேதி நவம்பர் 30, லால்பாக்கில் அடிக்கல் நாட்டிய அதே தேதி. இரும்பு வார்த்த சாரசன் ஆலை 1967-இல் மூடப்பட்டது. தாயும் இல்லை, உலைக்களமும் இல்லை. கடல் தாண்டி வந்த பிள்ளை மட்டும் பெங்களூருவில் நன்றாக இருக்கிறது. அது நன்றாக இருப்பதற்குக் காரணம், அதை யாரும் காட்சிப்பொருளாக ஒதுக்கிவைக்கவில்லை. 1935-இல் கிழக்குப் பக்கம் நீட்டிக் கட்டியபோது கிளாஸ்கோவுக்குக் கடிதம் போடவில்லை. தமிழர்கள் பலர் வேலைக்குப் போய்க் குடியேறிய பத்ராவதி ஆலையின் இரும்பை வாங்கிக் கட்டினார்கள். ஸ்காட்லாந்து இரும்பும் மைசூர் இரும்பும் ஒரே கூரையைத் தாங்குகின்றன. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று கீழே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

அன்று இளவரசர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் வரவேற்பு கொடுக்கிற கூடம் அது. இன்று குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை மலர்க் கண்காட்சி நடக்கிறது. கூட்டத்தில் நகர முடியாது. ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிற அப்பாக்கள், பூவால் செய்த கோபுரத்தின் முன் செல்பி எடுக்கிறவர்கள் என்று ஒரே இரைச்சல். ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய இந்தத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக மண் கொத்திய திகளர் சமூகத்துக்கும் தமிழ் வேர்கள் உண்டு. அவர்கள் வளர்த்த பூவுக்கு மேலே கிளாஸ்கோ இரும்பு குடை பிடிக்கிறது.

இன்னொரு இடம் சிவாஜிநகர் மாதா கோயில். செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள்தான் அங்கே முதலில் மாதாவுக்கு விளக்கேற்றியவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபே துபுவா என்ற பாதிரியார் ஒரு சிற்றாலயம் கட்டினார். இப்போது நிற்கும் கோதிக் கோயிலை வடிவமைத்தவர் பாதிரியார் கிளைனர். 1882 செப்டம்பர் 8 அன்று அதை அர்ச்சித்தார்கள்.

அதன் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் வந்தபோது அவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, 1947-இல் மறுபடி பொருத்தினார்கள். கழற்றுவது சின்ன வேலை கிடையாது. இந்த வகை ஜன்னலில் ஒவ்வொரு நிறமும் தனித் துண்டு. நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்போ தங்கமோ என்று கண்ணாடியை உருக்கும்போதே உலோகத்தைக் கலந்துவிடுவார்கள். முகத்தின் கோடுகளையும் ஆடையின் மடிப்பையும் கரும்பழுப்பு மையால் வரைந்து, சூளையில் சுட்டால்தான் அது கண்ணாடியோடு ஒட்டும். பிறகு துண்டுகளை ஈயப் பட்டைகளுக்குள் செருகி, மூட்டுகளைப் பற்றவைத்து, காற்றுக்கு வளையாமல் இரும்புக் குறுக்குக் கம்பியில் கட்டுவார்கள். ஈயம் மென்மையான உலோகம், அசட்டையாகத் தூக்கினால் படமே மடங்கிவிடும். அப்படிப்பட்டதை இறக்கிவைத்து, போர் முடியும்வரை காத்திருந்து, நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில் திரும்ப ஏற்றினார்கள். அந்தக் கைகளுக்கு நான் தலை வணங்குகிறேன்.

செப்டம்பர் 8 திருவிழாவுக்கு முன் கொடியேற்றம், நவநாள், பிறகு தேர்பவனி. காவி உடுத்தி வேண்டுதலுக்கு வருகிறவர்களில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள். மாதாவுக்குச் சேலை கட்டுவார்கள். தமிழில், கன்னடத்தில், ஆங்கிலத்தில் பூசை. ஐரோப்பிய ஜன்னல் வழியே விழும் நீலமும் சிவப்பும் பட்டுச் சேலையின் மேல் படுவதைப் பார்த்தால், அந்தக் கண்ணாடி எந்த ஊருடையது என்ற கேள்வியே எழாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்ட்ரல் காலேஜின் முதல் முதல்வராக இருந்த காரெட்டிடமிருந்து 1873-இல் வாங்கிய நிலத்தில், சிறுவனாக இருந்த சாமராஜேந்திர உடையாருக்காக இங்கிலாந்துக் கோட்டை பாணியில் எழுந்த பெங்களூரு அரண்மனைக்கு இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம். 2007-இல் அயர்ன் மெய்டன் இசைக்குழு பாடியது அந்த மைதானத்தில்தான். மாங்கனீசுச் சுரங்க முதலாளி மாணிக்கவேலு முதலியாரின் ஐரோப்பிய பாணி மாளிகை 2009-இல் தேசிய நவீனக் கலைக்கூடம் ஆகி, இந்திய ஓவியர்களுக்கு இடம் கொடுக்கிறது. பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த ஓவியர் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக், நடிகை தேவிகா ராணியை மணந்து கனகபுரா சாலைத் தாத்தகுணி தோட்டத்தில் வாழ்ந்து 1993-இல் மறைந்தார். அவருடைய ஓவியங்களையும் அவர் தந்தை நிக்கோலஸின் இமயமலை ஓவியங்களையும் கர்நாடக சித்ரகலா பரிஷத்தில் பார்க்கலாம். பெங்களூரு போகிறவர்கள் மாலுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை அங்கே செலவிட்டாலே போதும்.

வீட்டுப் பொருள்களின் நிலைதான் வருத்தம் தருகிறது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போனபோது பியானோ, சுவர்க் கடிகாரம், பீங்கான் பொம்மை, வெள்ளித் தட்டு எல்லாம் ஏலத்துக்கு வந்து கை மாறின. இன்று பழைய பொருள் கடைகளில் பளபளக்கும் பித்தளைக் குழலோடு நிற்கும் கிராமபோன்களில் பெரும்பாலானவை அண்மையில் கோர்த்துச் செய்தவை. வாங்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பங்களா முகப்புகளில் மரத்தில் இழைத்த மங்கி டாப் என்னும் வேலைப்பாடுகளோ, அடுக்குமாடிக்காக வீடு இடிபடும்போது அதோடு சேர்ந்து போகின்றன. அவற்றுக்கு ஏலம்கூடக் கிடையாது.

கப்பன் சிலையை நகர்த்தியதில் எனக்கு மனக்குறை இல்லை. நீதிமன்ற வாசலுக்கு ஓர் அந்நிய ஆணையரின் காவல் தேவையில்லை. ஆனால் ஆண்டவர்களின் பெயரைத் தெரிந்துகொண்ட நாம், செய்தவர்களின் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும். மரோக்கெட்டி, பிராக், மெக்டவல் பெயர்களையும், சாரசன் வார்ப்பாலையின் பெயரையும், கூடவே பத்ராவதியின் பெயரையும் அந்தந்த இடத்தில் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்கக் கர்நாடகத் தோட்டக்கலைத் துறையும் கோயில் நிர்வாகங்களும் முன்வர வேண்டும். அடுத்த மலர்க் கண்காட்சிக்கு லால்பாக் போகிறவர்கள் பூவைப் பார்த்து முடித்ததும் ஒரு நிமிடம் தலையை உயர்த்தி அந்த இரும்பையும் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.