உஷார்! பைலட் பயிற்சிக்கு மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. பன்னிரண்டே மாதத்தில் பைலட், நூறு சதவீத வேலை உத்தரவாதம், இந்த வாரமே சேர்ந்தால் கட்டணத்தில் தள்ளுபடி. பிள்ளை மயங்குவது இயல்பு. கூடவே அப்பா அம்மாவும் மயங்கி வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குக் கிளம்புகிறார்களே, அவர்களுக்காகத்தான் இதை அவசரமாக எழுதுகிறேன்.

வணிக விமானி உரிமமான சிபிஎல் வாங்கி முடிக்க இன்று ஏறக்குறைய 50 லட்சம் ரூபாய் ஆகிறது. பள்ளியைப் பொறுத்து அதற்கு மேலும் போகும். ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி பெரிய விமானத்தில் உட்கார டைப் ரேட்டிங் தனியாக வாங்க வேண்டும். அதற்கு இன்னொரு 15, 20 லட்சம். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும். ஆக, இந்தக் கனவுக்கு அடமானம் போவது குடியிருக்கிற வீடு.

முதல் ரூபாயைக் கட்டுவதற்கு முன்னால் மெடிக்கலை முடியுங்கள். விமானத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் டூ, அதன்பின் அங்கீகாரம் பெற்ற மையத்தில் கிளாஸ் ஒன். கிளாஸ் ஒன் இல்லாமல் சிபிஎல் கிடையாது. கண்ணாடி போட்டிருப்பது மட்டுமே தடையாகிவிடாது. ஆனால் வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும்போது தடுமாறுகிற பிள்ளைகள் உண்டு. பதினேழு வயது வரை தனக்கு நிறக் குறைபாடு இருப்பதே தெரியாமல் வளர்ந்திருப்பார்கள். ஈசிஜி, காது, ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். 'அட்மிஷனைப் போடுங்கள், மெடிக்கல் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று எந்த அலுவலகமாவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது, பள்ளியைப் பார்ப்பது. நகரத்தில் ஏசி போட்ட ஆபீசைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல இடங்களில் அது வெறும் கிரவுண்ட் கிளாஸ் நடத்துகிற இடம். பி.எஸ்சி ஏவியேஷன், பிபிஏ ஏவியேஷன் என்ற பட்டங்களும் உரிமம் ஆகாது. டிஜிசிஏ இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பறக்கும் பயிற்சிப் பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விமானத் தளத்துக்கே நேரில் போங்கள். காலை ஆறு, ஏழு மணிக்குப் போங்கள். காற்று அடங்கியிருக்கும் அந்த நேரத்தில்தான் ஒரு நல்ல பள்ளி பரபரப்பாக இருக்கும். ஹாங்கருக்குள் எட்டிப் பாருங்கள். புரொபெல்லர் கழற்றியது, இன்ஜின் மூடி திறந்தபடி நிற்பது, காற்று இறங்கிய சக்கரத்தில் தூசி படிந்தது என்று வரிசையாக நிற்கிறதா? விளம்பரத்தில் 12 விமானம் என்று போட்டிருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அன்று காலை ஓடுதளத்தில் ஏறி இறங்குகிற விமானங்களின் கணக்கு. வாலருகே 'விடி' என்று தொடங்கும் பதிவெழுத்துகளைக் குறித்துக்கொண்டால் எத்தனை தனித்தனி விமானம் பறக்கிறது என்று தெரிந்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பள்ளியில் 60 பேர் என்றால் 12,000 மணி நேரம். ஓடுகிற விமானம் 5 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தினம் 4 மணி நேரம், வருஷத்தில் 300 நாள் பறந்தால்கூட ஆண்டுக்கு மொத்தம் 6,000 மணி நேரம்தான் தேறும். மழை, பனிமூட்டம், பராமரிப்பு, உதிரிபாகத்துக்குக் காத்திருப்பு எதையும் கழிக்காமலேயே பன்னிரண்டு மாதப் படிப்பு இரண்டு வருஷமாகிவிட்டது. பயிற்றுநர் ஒருவர் வேலையை விட்டுப் போனாலோ, இருக்கிற ஒரே இரட்டை இன்ஜின் விமானம் படுத்துக்கொண்டாலோ இன்னும் இழுக்கும். ஹாஸ்டலில் இருக்கிற மாணவர்களைத் தனியாக அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'தம்பி, போன மாசம் எத்தனை ஹவர்ஸ் பறந்தீங்க?' அந்தப் பதிலைவிட நம்பகமான பிரோஷர் எதுவும் இல்லை.

தாமதம் என்பது வெறும் காத்திருப்பு இல்லை, கூடுதல் செலவு. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது, தனிப் பொறுப்பில் பறந்த 100 மணி நேரத்தில் 15 மணி நேரமாவது கடைசி ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஏதாவது ஒரு செக் ரைடு, அதாவது பறந்து காட்டும் தேர்வு, பாக்கி என்று பிள்ளை உட்கார்ந்துகொண்டே இருந்தால், பறந்து முடித்த மணிகளையே மறுபடி காசு கொடுத்துப் பறக்க வேண்டி வரும். இந்த நெருக்கடியில்தான் யாராவது வந்து, பறக்காத மணியை லாக் புக்கில் எழுதித் தருகிறேன் என்பார்கள். பைலட்டுகள் இதைப் 'பார்க்கர் பேனா ஹவர்ஸ்' என்பார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகளை டெல்லி போலீஸ் கைது செய்தது. ராஜஸ்தானில் பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிக்கொடுத்த விவகாரமும் அப்போதுதான் வெடித்தது. வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். எழுதப்பட்ட அந்த மணிகளில் கற்றிருக்க வேண்டிய கைப்பழக்கம் இல்லாமல் அந்தப் பிள்ளை நூற்றி எண்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும்.

சரி, பணத்தை ஏன் மொத்தமாகக் கட்டக் கூடாது? 2023 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் ஒரே வாரத்துக்குள் இரண்டு பயிற்சி விமானங்கள் விபத்தில் சிக்கின. இரண்டும் ஒரே பள்ளியுடையவை. பல ஊர்களில் தளம் வைத்திருந்த அந்தப் பள்ளியின் பயிற்சி அனுமதியை டிஜிசிஏ உடனே நிறுத்தி வைத்தது. அது சரியான முடிவு, உயிர் முக்கியம். ஆனால் எந்தப் பள்ளியிலும் இப்படி ஒரு நாள் வரலாம். அன்று பள்ளிக் கணக்கில் இருக்கிற உங்கள் 40 லட்சத்தின் கதி என்ன? பறந்த மணிக்குப் பணம், அல்லது 25 மணி நேரத்துக்கு ஒரு தவணை என்று எழுதி வாங்குங்கள். விலகினால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டுங்கள். 'முழுசா கட்டினா டிஸ்கவுண்ட்' என்பதுதான் இருப்பதிலேயே விலை உயர்ந்த தள்ளுபடி.

வேலை விஷயத்திலும் கண்ணைத் திறந்து பாருங்கள். 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தது உண்மை. அந்த எண்களைக் காட்டித்தான் வலை விரிக்கிறார்கள். அவை வந்து சேரப் பல வருஷம் ஆகும். நிறுவனங்கள் தேடி அலைவதும் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கேப்டன்களை. 200 மணி நேரத்தோடு வரும் புதியவருக்கு அவ்வளவு கிராக்கி இல்லை. கிங்ஃபிஷர் 2012-ல், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் என்று ஒவ்வொன்றாக நின்றபோது, அனுபவசாலிகள் கும்பலாக வேலை தேடி வந்தார்கள். அந்த வரிசையின் கடைசியில் நிற்பது புதுப் பிள்ளைகள்தான். வேலை கிடைக்காத இரண்டு, மூன்று வருஷத்துக்கும் இஎம்ஐ கட்ட முடியுமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள். தொலைதூரக் கல்வியிலாவது ஒரு பட்டத்தைக் கூடவே படிக்க வையுங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் பதறாதீர்கள், ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். பறந்த மணி எவ்வளவு, பாக்கி எவ்வளவு, கையிருப்புப் பணம் எவ்வளவு என்று மாதம் ஒருமுறை பள்ளியிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். லாக் புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் பயிற்றுநர் கையெழுத்தோடு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து பறக்க விடவில்லை என்றால் பள்ளிக்கு எழுத்தில் புகார், அதன் நகல் டிஜிசிஏவின் பயிற்சிப் பிரிவுக்கு. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மற்ற பெற்றோரோடு சேர்ந்து போங்கள். தனி ஆளாகப் போனால் 'அடுத்த வாரம் வாங்க சார்' என்றே அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.