இதயத் தமனி நோய் குறித்த மருத்துவ ஆய்வுகள்

இதயத் தமனி நோய் குறித்த மருத்துவ ஆய்வுகள் என்பன, இதயத் தசைக்குக் குருதி வழங்கும் தமனிகளில் ஏற்படும் நோயைக் கண்டறியும் முறைகளும் அதற்கான சிகிச்சைகளும் உண்மையில் பயன் தருகின்றனவா என்பதை நோயாளிகளிடமே ஆராய்ந்து அறியும் ஆய்வுகள் ஆகும். ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் நடத்தப்படும் அடிப்படை ஆய்வுகளிலிருந்து இவை வேறுபட்டவை. ஒரு சிகிச்சை எவ்வாறு செயற்படுகின்றது என்பதை அடிப்படை ஆய்வு விளக்குகின்றது. அச்சிகிச்சையைப் பெற்றவர் பெறாதவரை விட நெடுநாள் வாழ்கின்றாரா, நலமாக வாழ்கின்றாரா என்பதை மருத்துவ ஆய்வே காட்டுகின்றது. தருக்கப்படி பயன்தர வேண்டிய ஒரு சிகிச்சை, ஒப்பிட்டுப் பார்க்கும்போது பயனற்றதாகவோ, உயிருக்கே கேடு விளைவிப்பதாகவோ இருக்கக்கூடும் என்பதற்கு இத்துறையின் வரலாற்றில் பல சான்றுகள் உள்ளன.

நோயின் தன்மை

இதயத் தமனிகளின் உட்சுவரில் கொலஸ்டிரால், அழற்சி அணுக்கள், நார்ப்பொருள் முதலியன சேர்ந்து படிவுகள் உண்டாகின்றன. இவை வளர்ந்து தமனியைக் குறுக்கும்போது, நடத்தல், மாடிப்படி ஏறுதல் போன்ற வேளைகளில் இதயத் தசைக்குப் போதிய குருதி கிடைப்பதில்லை. அப்போது தோன்றும் நெஞ்சு வலி ஆஞ்சைனா எனப்படும். ஓய்வு எடுத்தால் தணிந்து, நெடுநாள் ஒரே அளவில் நீடிக்கும் வலி நிலையான ஆஞ்சைனா ஆகும்.

மாரடைப்பு இதிலிருந்து வேறுபட்டது. படிவின் மேலுறை திடீரெனக் கிழியும்போது அவ்விடத்தில் குருதி உறைந்து, தமனி அடைபட்டு, இதயத் தசை இறக்கத் தொடங்குகின்றது. தமனியைப் பாதியளவுகூட அடைக்காத படிவும் இவ்வாறு கிழியலாம். எனவே மிகக் குறுகிய இடமே மிக ஆபத்தான இடம் எனக் கூற முடியாது. கீழே கூறப்படும் ஆய்வு முடிவுகள் பலவற்றை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு உதவும்.

ஆய்வு வகைகள்

மருத்துவ ஆய்வுகளை இரு பெரும் வகைகளாகப் பிரிக்கலாம்.

நோக்காய்வு: ஆய்வாளர் எச்சிகிச்சையும் அளிக்காமல், மக்கள் கூட்டம் ஒன்றைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கின்றார். ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பிராமிங்காம் நகரில் 1948-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு இவ்வகையில் புகழ் பெற்றது. இதில் 5,209 ஆண்களும் பெண்களும் சேர்க்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்கப்பட்டனர். உயர் குருதி அழுத்தம், உயர் கொலஸ்டிரால், புகைபிடித்தல் ஆகியவற்றுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியதில் இவ்வாய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. ‘இடர்க் காரணி’ என்னும் கருத்து மருத்துவத்தில் பரவியதும் இதனாலேயே ஆகும்.

எழுமாற்று ஆய்வு: நோயாளிகள் குலுக்கல் போன்ற முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒரு குழுவுக்குப் புதிய சிகிச்சையும், மற்றதற்கு வழக்கமான சிகிச்சையோ மருந்துப்போலியோ அளிக்கப்படுகின்றது. யாருக்கு எது என்பதை மருத்துவரும் நோயாளியும் தெரிவு செய்வதில்லை. ஆதலால் வயது, நோயின் கடுமை, வாழ்க்கைமுறை போன்றவை இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாக அமைகின்றன. இறுதியில் காணப்படும் வேறுபாட்டிற்குச் சிகிச்சையே காரணம் என அப்போது கூற இயலும்.

கண்டறியும் முறைகள்

1929-ஆம் ஆண்டில் செருமனியின் எபர்சுவால்டே நகர மருத்துவர் வெர்னர் போர்சுமன், தம் கைச் சிரை வழியாக ஒரு நுண்குழாயைத் தம் இதயம் வரை செலுத்தி, எக்சு-கதிர்ப் படம் எடுத்துக் காட்டினார். இதற்காக 1956-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் மேசன் சோன்சு பெருந்தமனியைப் படம் எடுக்க முயன்றபோது, குழாயின் முனை தற்செயலாக வலது இதயத் தமனிக்குள் நுழைந்து, சாயம் அதற்குள் பாய்ந்தது. உயிருக்கே ஆபத்து என அஞ்சப்பட்ட அந்நிகழ்வில் நோயாளி பிழைத்துக்கொண்டார். இன்று ஆஞ்சியோகிராம் என அழைக்கப்படும் முறை இதிலிருந்து வளர்ந்தது.

ஆஞ்சியோகிராம் தமனியின் உள்விட்டத்தைக் காட்டுமேயன்றி, அக்குறுக்கம் குருதி ஓட்டத்தை எவ்வளவு தடுக்கின்றது என்பதைக் காட்டுவதில்லை. எனவே நுண்ணிய அழுத்தமானிக் கம்பியைத் தமனிக்குள் செலுத்தி, குறுக்கத்திற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதத்தை அளக்கும் முறை உருவானது. 2009-இல் வெளியான பேம் ஆய்வில் 1,005 நோயாளிகள் பங்கேற்றனர். படத்தை மட்டும் பார்த்து ஸ்டென்ட் வைக்கப்பட்டோரில் 18.3 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இறப்பு, மாரடைப்பு, மறு சிகிச்சை ஆகியவற்றுள் ஒன்றைச் சந்தித்தனர். அழுத்தத்தை அளந்து தேவையான இடங்களில் மட்டும் ஸ்டென்ட் வைக்கப்பட்டோரில் இது 13.2 விழுக்காடாக இருந்தது.

சி.டி. முறையில் இதயத் தமனிகளைப் படம் எடுப்பதன் பயன் ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் ஆராயப்பட்டது. 2018-இல் வெளியான ஐந்தாண்டு முடிவின்படி, வழக்கமான பரிசோதனைகளோடு இப்படமும் எடுக்கப்பட்ட குழுவில் இதய நோய் இறப்பும் மாரடைப்பும் 2.3 விழுக்காடாகவும், மற்றக் குழுவில் 3.9 விழுக்காடாகவும் இருந்தன. படம் எடுப்பது மட்டும் எவரையும் காப்பதில்லை. நோய் இருப்பது உறுதியானவர்களுக்குத் தகுந்த தடுப்பு மருந்துகள் கூடுதலாக வழங்கப்பட்டதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் எனக் கருதப்படுகின்றது.

சிகிச்சை ஆய்வுகள்

மார்புத் தமனியைக் கட்டும் அறுவை

மார்புச் சுவருக்குச் செல்லும் உட்புறத் தமனிகளைக் கட்டிவிட்டால், அங்குச் செல்லும் குருதி இதயத்திற்குத் திரும்பும் என்ற எண்ணத்தில் 1950-களில் அமெரிக்காவில் ஓர் அறுவை சிகிச்சை பரவியது. செய்துகொண்டவர்களில் பலர் நெஞ்சு வலி குறைந்ததாகக் கூறினர். 1959-இல் சியாட்டில் நகரில் கோப் என்பவரும் பிறரும் 17 நோயாளிகளில் சிலருக்கு உண்மையான அறுவையையும், மற்றவர்களுக்குத் தோலில் கீறலை மட்டும் செய்து ஒப்பிட்டனர். இரு குழுவினரும் ஒரேபோல் குணம் கண்டதாகக் கூறினர். 1960-இல் 18 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வும் இதே முடிவைத் தந்தது. அதன் பின்னர் இவ்வறுவை கைவிடப்பட்டது. நோயாளிகள் பொய் கூறவில்லை. சிகிச்சை பெற்றோம் என்ற நம்பிக்கையே அவர்களுடைய வலியைத் தணித்தது. கட்டப்பட்ட அதே தமனி பிற்காலத்தில் பைபாஸ் அறுவையில் மாற்று வழியாகப் பயன்படுத்தப்பட்டு, உயிரை நீட்டிக்கும் சிறந்த குழாயாக அறியப்பட்டது குறிப்பிடத்தக்கது.

துடிப்பு ஒழுங்கின்மைக்கான மருந்துகள்

மாரடைப்பிற்குப் பின் இதயத்தில் இடைமிகைத் துடிப்புகள் காணப்படுவோர் திடீரென இறக்கும் வாய்ப்பு மிகுதி என்பது நோக்காய்வுகளால் அறியப்பட்டிருந்தது. என்கெய்னைடு, பிளெகெய்னைடு ஆகிய மருந்துகள் அத்துடிப்புகளை நன்கு அடக்கின. எனவே இவை உயிர்களைக் காக்கும் எனப் பல மருத்துவர்கள் நம்பினர். இந்நம்பிக்கையைச் சோதிக்க 1987-இல் காஸ்ட் என்னும் ஆய்வு தொடங்கியது. 1989-இல் இவ்விரு மருந்துகளின் பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டது. மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், மருந்துப்போலி பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தனர். மின்னலைப் பதிவில் துடிப்பு சீரானது. ஆனால் இறப்பு இருமடங்குக்கு மேலாகியது. இடைக்குறி ஒன்று மேம்படுவதை நோயாளி நலம் பெறுவதாகக் கொள்ளக்கூடாது என்பதற்கு இவ்வாய்வு இன்றும் முதன்மைச் சான்றாகக் காட்டப்படுகின்றது.

உறைகட்டியைக் கரைத்தல்

இத்தாலியில் 11,806 நோயாளிகளிடம் நடந்த கிஸ்ஸி ஆய்வு, மாரடைப்பின்போது ஸ்ட்ரெப்டோகைனேசு மருந்தைச் சிரை வழியாகச் செலுத்தினால் இறப்பு 13 விழுக்காட்டிலிருந்து 10.7 விழுக்காடாகக் குறையும் என 1986-இல் காட்டியது. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 417 மருத்துவமனைகளைச் சேர்ந்த 17,187 பேர் பங்கேற்றனர். ஸ்ட்ரெப்டோகைனேசு, ஆஸ்பிரின் இரண்டையும் பெறாதவர்களில் ஐந்து வாரங்களுக்குள் இதய, குருதிக்குழாய் நோய்களால் இறந்தோர் 13.2 விழுக்காடு, இரண்டையும் பெற்றவர்களில் 8.0 விழுக்காடு. மிகக் குறைந்த விலையுள்ள ஆஸ்பிரின் மாரடைப்புச் சிகிச்சையின் அடிப்படையாக மாறியது இவ்வாய்வினாலேயே ஆகும்.

ஸ்டென்ட் ஆய்வுகள்

1977-இல் சூரிச்சு நகரில் ஆந்திரேயாசு குருயென்ட்சிக் இதயத் தமனிக் குறுக்கத்தை நுண் பலூனால் விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி முறையை முதன்முதலாக விழித்திருந்த நோயாளி ஒருவரிடம் செய்தார். விரித்த இடம் மீண்டும் சுருங்காதிருக்க ஸ்டென்ட் எனப்படும் வலைக்குழாயைப் பொருத்துவது 1986-இல் தொடங்கியது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது இச்சிகிச்சை உயிர் காப்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. 7,739 நோயாளிகள் பங்கேற்ற 23 ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளியான கட்டுரை, உறைகட்டியைக் கரைக்கும் மருந்தை விட உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி மேலானது எனக் காட்டியது.

நிலையான ஆஞ்சைனாவில் முடிவுகள் வேறுபட்டன. 2007-இல் வெளியான கரேஜ் ஆய்வில் 2,287 பேர் பங்கேற்றனர். மருந்துகளுடன் ஸ்டென்ட் பெற்ற குழுவிலும், மருந்துகள் மட்டும் பெற்ற குழுவிலும் இறப்பும் மாரடைப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும் இதை உறுதிப்படுத்தியது. இடது முதன்மைத் தமனியில் பெருங்குறுக்கம் உள்ளவர்கள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இம்முடிவு பொருந்தாது.

ஸ்டென்ட் வலியைக் குறைக்கின்றதா என்னும் வினாவை ஐக்கிய இராச்சியத்தில் நடந்த ஆர்பிட்டா ஆய்வுகள் எழுப்பின. 2017-இல் வெளியான முதல் ஆய்வில், முறையாக மருந்து உட்கொண்டுவந்த 200 பேரில் ஒரு பகுதியினருக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. மற்றவர்களுக்கு வைப்பதுபோன்ற நடைமுறை மட்டும் செய்யப்பட்டது. ஆறு வாரங்களுக்குப் பின் உடற்பயிற்சி செய்யும் நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2023-இல் வெளியான இரண்டாம் ஆய்வில், வலி மருந்துகளை நிறுத்திய 301 பேரிடம் ஸ்டென்ட் வலியைத் தெளிவாகக் குறைத்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நிலையான நோயில் ஸ்டென்ட் வலிக்கான ஒரு சிகிச்சை என்பதும், ஆயுளை நீட்டிக்கும் என எதிர்பார்த்து அனைவருக்கும் அதனைப் பொருத்த வேண்டியதில்லை என்பதும் விளங்கும்.

முடிவுகளைப் படிக்கும் முறை

ஆய்வு முடிவுகளைச் செய்தித்தாள்களில் படிக்கும்போது இரு குறிப்புகளை நினைவிற் கொள்ளுதல் நன்று.

முதலாவது, ஒப்பீட்டுக் குறைவும் நேரடிக் குறைவும் வெவ்வேறானவை. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், இதய நோயும் உயர் கொலஸ்டிராலும் கொண்ட 4,444 பேரிடம் சிம்வாஸ்டாட்டின் சோதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகளில் மருந்துப்போலிக் குழுவில் 256 பேரும், மருந்துக் குழுவில் 182 பேரும் இறந்தனர். இதனை ‘இறப்பு 30 விழுக்காடு குறைந்தது’ எனவும் கூறலாம், ‘100-க்கு 11.5 என்றிருந்த இறப்பு 8.2 ஆனது’ எனவும் கூறலாம். இரண்டும் உண்மையே. இரண்டாவது கூற்றின்படி, ஓர் உயிரைக் காக்க ஏறத்தாழ 30 பேர் அக்காலம் முழுவதும் மருந்தை உட்கொள்ள வேண்டும். நோய் இல்லாதவர்களில் இவ்வெண்ணிக்கை மிகப் பெரிதாகும்.

இரண்டாவது, பெரிய ஆய்வைச் சிறு துண்டுகளாக்கினால் தற்செயலான முடிவுகள் தோன்றும். இதனை உணர்த்தவே ஐசிஸ்-2 ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த இராசிப்படி பிரித்துக் காட்டினர். மிதுனம், துலாம் ஆகிய இராசிகளில் பிறந்தோருக்கு ஆஸ்பிரின் சற்றுக் கேடு விளைவிப்பதுபோலவும், மற்றவர்களுக்கு மிகுந்த நன்மை தருவதுபோலவும் கணக்கு வந்தது. இராசிக்கும் ஆஸ்பிரினுக்கும் எத்தொடர்பும் இல்லை என்பதை அவர்கள் நன்கறிவர்.

அறநெறியும் எல்லைகளும்

சியாட்டில் ஆய்வின் நோயாளிகளுக்குத் தாம் ஓர் அறுவையின் மதிப்பீட்டில் பங்கேற்பது மட்டுமே கூறப்பட்டது. போலி அறுவையும் செய்யப்படலாம் என்பது கூறப்படவில்லை. 1964-இல் உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட எல்சிங்கி அறிக்கைக்குப் பின், ஆய்வின் தன்மையை விளக்கிக் கூறி ஒப்புதல் பெறுவது உலகெங்கும் நெறியாயிற்று. ஆர்பிட்டாவில் பங்கேற்றோர் போலி நடைமுறைக்கான வாய்ப்பை அறிந்தே இசைந்தனர். இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவகம் 2007-இல் தொடங்கப்பட்டு, 2009 முதல் மருந்து ஆய்வுகளை முன்கூட்டியே பதிவு செய்தல் கட்டாயமாக்கப்பட்டது. தமக்குப் பாதகமான முடிவுகளை மறைத்துவிடுவதைத் தடுப்பது இத்தகைய பதிவின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

ஆய்வில் பங்கேற்றோர் யார் என்பதும் முதன்மையானது. கரேஜ் ஆய்வில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் ஆண்கள். எனவே பெண்களைப் பற்றி அதிலிருந்து உறுதியாகக் கூறுவது கடினம். தெற்காசியா உட்பட 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, புகைபிடித்தல், நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் உள்ளிட்ட ஒன்பது காரணிகளே மாரடைப்பு இடரின் பெரும்பகுதிக்குக் காரணம் எனக் கண்டது.

எல்லா வினாக்களுக்கும் எழுமாற்று முறை பொருந்துவதில்லை. தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளுடன் இணைத்து மாரடைப்புச் சிகிச்சையை விரைவுபடுத்தும் திட்டம் ஒன்று 2,420 நோயாளிகளிடம் ஆராயப்பட்டது. 2017-இல் வெளியான முடிவின்படி, திட்டத்திற்கு முன் 17.6 விழுக்காடாக இருந்த ஓராண்டு இறப்பு, பின்னர் 14.2 விழுக்காடாக இருந்தது. இது முன்-பின் ஒப்பீடு ஆதலால், அதே காலத்தில் நிகழ்ந்த பிற மாற்றங்களின் பங்கை முற்றிலும் பிரித்தறிய இயலாது. எனினும் புதிய மருந்து ஏதுமின்றி, உள்ள சிகிச்சையை உரிய நேரத்தில் கொண்டுசேர்ப்பதும் ஆராயத்தக்க ஒரு சிகிச்சையே என்பதை இது காட்டுகின்றது.