உரப்புக்கும் வேண்டும் ஓர் அளவுகோல்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் அதிகாலையில் பயணம் செய்தால், இரவுப் பணி முடித்துத் திரும்பும் தொழிலாளர்களின் பேருந்துகளை வரிசையாகக் காணலாம். சிலர் உறங்கிக்கொண்டிருப்பர், சிலர் காதில் இயர்போனுடன் கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருப்பர். என்னிடம் பொருளியல் பயின்று, இப்போது அங்குள்ள ஓர் ஆலையில் பணிபுரியும் மாணவர் ஒருவர் அண்மையில் கூறினார்: "ஐயா, வசனம் கேட்கவில்லையே என்று அறைத் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினால், அடுத்த நொடி விளம்பரம் வந்து காதைப் பிளக்கிறது. பகலில் உறங்கும் அறைத் தோழர்கள் எழுந்து சண்டைக்கு வருகிறார்கள்."

சிறிய குறைதான். ஆனால், அதற்குள் அறிவியலும் பொருளியலும் ஒருசேர அடங்கியிருக்கின்றன.

ஒலியின் உச்ச அளவு வேறு. காது உணரும் உரப்பு வேறு. திரைப்படத்தில் முணுமுணுப்பும் இருக்கும், வெடிச்சத்தமும் இருக்கும். விளம்பரத்திலோ மெல்லிய ஒலிகளையும் உயர்த்தி, எல்லாவற்றையும் உச்சத்தின் அருகிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டின் உச்சமும் ஒன்றே. எனவே, விதிமீறல் எதுவும் இல்லை என்று வாதிடலாம். ஆண்டில் ஒரே ஒரு நாள் ஆயிரம் ரூபாய் ஈட்டுபவரும், நாள்தோறும் ஆயிரம் ரூபாய் ஈட்டுபவரும் 'அதிகபட்ச நாள் வருவாய்' என்ற கணக்கில் சமமானவர்கள்தானே! காது உச்சத்தை மட்டும் பார்ப்பதில்லை. சராசரியையும் கணக்கில் கொள்கிறது.

எல்லா அதிர்வெண்களையும் காது ஒரே மாதிரி உணர்வதும் இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933-இல் இதை விரிவாக அளந்து காட்டினர். ஒலியைக் குறைக்கும்போது தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் முதலில் மங்கிவிடுகின்றன.

பிறகு ஏன் எல்லோரும் கத்துகிறார்கள்? பொருளியலில் 'கைதிகளின் இக்கட்டு' என்றொரு பாடம் உண்டு. பிறர் மெல்லப் பேசும்போது நான் மட்டும் உரக்கப் பேசினால் எனக்கு லாபம். அதே கணக்கை அனைவரும் போட்டால் யாருக்கும் லாபமில்லை. கேட்பவருக்கு மட்டுமே இழப்பு. இசைத்தட்டு உலகில் 1990-களில் தீவிரமடைந்த இந்தப் போட்டிக்கு 'உரப்புப் போர்' என்றே பெயர். தனிமனிதரின் நல்லெண்ணத்தால் இது தீராது. பொதுவான அளவுகோல் ஒன்றே தீர்வு.

அந்த அளவுகோல் 2006-இல் பிறந்தது. காதின் உணர்திறனைக் கருத்தில்கொண்டு சராசரி உரப்பைக் கணக்கிடும் முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு, ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் நிகழ்ச்சிகளின் உரப்பை, பதிவின் முழு அளவுக்கு 23 அலகுகள் கீழே நிர்ணயித்தது. விளம்பரங்களின் உரப்பைக் கட்டுப்படுத்தும் அமெரிக்கச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. யூடியூப், ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களும் உரத்த பாடலைத் தாமாகவே குறைத்து ஒலிக்கின்றன. கத்துபவருக்கு ஆதாயம் இல்லை என்றானபின் கத்த வேண்டிய தேவையே இல்லை.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 7-ஆவது விதி, விளம்பரத்தின் காட்சியும் ஒலியும் மிகையாக உரத்திருக்கலாகாது என்கிறது. ஆனால், எது மிகை என்பதற்கு அந்த வாசகத்தில் எண் ஏதும் இல்லை. எண் இல்லாத விதி, எடைக்கல் இல்லாத தராசு.

திரையரங்கும் விலக்கல்ல. 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியானபோது, ஒலி மிகுதியாக இருப்பதாகப் பார்வையாளர்கள் குறைகூற, ஒலி அளவை இரண்டு புள்ளிகள் குறைக்குமாறு தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். ஆஸ்கர் விருது பெற்ற ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியும் அப்போது தம் வருத்தத்தைப் பதிவுசெய்தார்.

நிகழ்ச்சிகளுக்கிடையே சமநிலை ஏற்பட்டாலும் கருவிகளுக்கிடையே வேற்றுமை நீடிக்கும். இதற்கு நம் தொழில் வழித்தடமே சான்று. ஸ்ரீபெரும்புதூரில் தொலைக்காட்சியும் கைப்பேசியும், இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்களும் உருவாகின்றன. ஒரே பாடல் இம்மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கும். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலியை எழுப்ப இயலாது. ஓடும் காரில் சக்கர இரைச்சல் மெல்லிய பகுதிகளை விழுங்கிவிடும். திரையில் தோன்றும் '20' என்ற எண்ணும் அலகற்றது. ஒரு தொலைக்காட்சியின் 20, இன்னொன்றின் 20 அல்ல. ஆகவேதான் திரையரங்குக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக ஒலிக்கலவையைத் தனித்தனியே செய்வது அவசியமாகிறது.

இது வசதி பற்றிய பிரச்னை மட்டுமன்று. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஒலி 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். 83 டெசிபலில் 20 மணி நேரம்தான். இயந்திர இரைச்சலில் எட்டு மணி நேரம் கழித்தவர், பேருந்து இரைச்சலை மீறிக் கேட்பதற்காக மேலும் ஒலியைக் கூட்டும்போது, செலவாவது அவருடைய செவித்திறன். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். சுழற்சி முறைப் பணியில் எந்நேரமும் எவரேனும் உறங்கிக்கொண்டிருப்பர். அவர்களின் உறக்கத்தைக் கெடுக்கும் உரப்பு, அடுத்த பணிநேரத்தின் கவனத்தையும் பாதுகாப்பையும் சேர்த்தே கெடுக்கிறது. பொருளியலில் இதைப் 'புறவிளைவு' என்போம்: ஆதாயம் ஒருவருக்கு, செலவு வேறொருவருக்கு.

செய்ய வேண்டியவை மூன்று. விதியில் 'மிகை' என்ற சொல்லுக்கு எண் தரப்பட வேண்டும்; அது இணையவழித் தளங்களுக்கும் பொருந்த வேண்டும். கலிபோர்னியா மாநிலம் 2025-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றிவிட்டது. அடுத்து, ஒலியைத் தானே சமன்செய்யும் வசதியைக் கருவி விற்பனைக்கு வரும்போதே இயக்கத்தில் வைத்து, தமிழில் பெயரிட்டுத் தர வேண்டும். மூன்றாவது நம் கடமை. பல தொலைக்காட்சிகளில் 'ஆட்டோ வால்யூம்', 'நைட் மோட்' போன்ற பெயர்களில் இவ்வசதி ஏற்கெனவே உள்ளது. அமைப்புகள் பகுதியில் தேடி இயக்கினால் போதும். என் மாணவரும் அப்படித்தான் அறைத் தோழர்களுடன் சமாதானமானார்.

ஒரு காலத்தில் மரக்கால் ஊருக்கு ஊர் மாறியது. ஏமாந்தவர் ஏழை உழவர். 1956-இல் எடை, அளவைகளுக்குத் தேசியச் சட்டம் வந்தபின் சந்தையில் நேர்மைக்கு ஓர் அடிப்படை கிடைத்தது. ஒலிக்கும் அத்தகைய மரக்கால் இப்போது உலகில் இருக்கிறது. அதை நம் சட்டத்தில் எழுதிக்கொள்வது மட்டுமே மீதி.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).