இரண்டு வாசல் வைத்த கட்டடம்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1950-இல் ஏழு கட்டட ஒப்பந்ததாரர்கள் கூடி 'அசோசியேட்டட் பில்டர்ஸ் அண்ட் கான்ட்ராக்டர்ஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். யூனியன் ஆளா இல்லையா என்று பார்க்காமல் திறமைக்கு வேலை தர வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இன்று 20,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் கட்டுமானத் தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் யூனியனில் இருந்தார்கள். இப்போது பத்துப் பேர்தான். கொள்கை வென்றது என்கிறது சங்கம். ஆனால் சட்டத்தின் துணை இல்லாமல் அது இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. வந்த பிறகும், யூனியன்கள் செய்துவந்த ஒரு முக்கியமான வேலை ஆளில்லாமல் கிடக்கிறது.

சங்கம் பிறந்த மறு ஆண்டே, டென்வர் நகரக் கட்டட வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கைகொடுத்தது. யூனியன் சாராத மின்வேலை சப்-கான்ட்ராக்டரை வெளியேற்றச் சொல்லி முழுக் கட்டடத்தையும் மறியலால் முடக்கக் கூடாது என்றது தீர்ப்பு. பிறகு கட்டுமான இடங்களில் இரண்டு கேட் வைக்கும் வழக்கம் வந்தது. ஒன்றில் யூனியன் ஆட்கள், மற்றதில் மற்றவர்கள். மறியல் இரண்டாவது கேட்டில் மட்டும். முதல் கேட் வழியே வேலை தடையில்லாமல் நடக்கும். இதை மாற்ற நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, ஆதரிப்பதாகச் சொல்லியிருந்த அதிபர் ஃபோர்டே 1976 ஜனவரியில் நிராகரித்தார்; தொழிலாளர் துறைச் செயலர் ஜான் டன்லப் பதவி விலகினார்.

யூனியன்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். கறுப்பினத்தவரை அவை வெளியே நிறுத்தியது உண்மை. அதற்காகவே 1969-இல் நிக்சன் அரசு, அவர்களையும் வேலைக்குச் சேர்க்கச் சொல்லும் பிலடெல்பியா திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனால் கதவைத் திறப்பது வேறு, தொழில் கற்றுக்கொடுப்பது வேறு. யூனியன் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு மணி நேர வேலைக்கும் ஒரு சிறு தொகை பொதுப் பயிற்சி நிதிக்குப் போகும். எல்லா ஒப்பந்ததாரரும் கட்டுவதால், பயின்ற ஆள் யாரிடம் போனாலும் நஷ்டமில்லை. திறந்த சந்தையிலோ, ஒருவர் கற்றுக்கொடுத்த பையனைப் பக்கத்து ஒப்பந்ததாரர் கூலியை ஏற்றிக் கூட்டிப் போய்விடுவார். சங்கமும் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறதே என்றால், நடத்துகிறது. அதற்குப் பணம் கட்டுவது அவரவர் விருப்பம். தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கே யூனியனில் இருந்தும், பதிவு செய்து தொழில் பழகுபவர்களில் பெரும்பகுதியினர் யூனியன் கூட்டுத் திட்டங்களில்தான் இருக்கிறார்கள். வழக்கமாக எடுக்கும் ஆட்களுக்கு மேல் இன்னும் ஐந்து லட்சம் பேர் தேவை என்று 2024-இல் சொன்னதும் இதே சங்கம். முதியவர்கள் ஓய்வுபெறுவதும் ஒரு காரணம்தான். ஆனால் அடுத்த தலைமுறையைத் தயார்செய்யும் செலவு யாருடையது என்பதற்கு அது பதிலாகாது.

யூனியன் இருந்தால்தான் இது நடக்கும் என்பதுமில்லை. பிரிட்டனில் 1964-இல் வந்த சட்டப்படி, சிறியவர்களை விட்டுவிட்டு மற்றக் கட்டுமான நிறுவனங்களிடம் பயிற்சி வரி வசூலித்து, பயிற்சி தருபவருக்கு மானியமாகத் திருப்பித் தருகிறார்கள். அங்கும் ஆள் பஞ்சம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் கற்றுக்கொடுப்பவர் தலையில் மட்டும் முழுச் செலவும் விழுவதில்லை.