786: எழுத்தும் எண்ணும்

நம்மவர் மடல்களின் தலைப்பிலும், வணிகக் கணக்கேடுகளின் முதற்பக்கத்திலும், திருமண அழைப்பிதழ்களிலும் 786 என்னும் எண் இடம்பெறக் காண்கிறோம். 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்பதற்குரிய எண் அது என்பதைப் பலரும் அறிவர்; அது பெறப்பட்ட வழியை அறிந்தோர் சிலரே.

அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு. அலிஃப் 1, பே 2, ஜீம் 3, தால் 4 என்னும் முதல் நான்கும் சேர்ந்தே இம்முறைக்கு 'அப்ஜத்' என்னும் பெயரைத் தந்தன. இதன்படி 'பிஸ்மி' 102, 'அல்லாஹ்' 66, 'அர்ரஹ்மான்' 329, 'அர்ரஹீம்' 289, கூட்டினால் 786. இங்கே கணக்கில் கொள்ளப்படுவது எழுத்தேயன்றி ஒலியன்று. 'பிஸ்மி'யில் பே, ஸீன் இரண்டுக்கும் இடையே வரவேண்டிய அலிஃபைத் திருமறையின் எழுத்துமரபு விட்டுவிடுகிறது. பொது இலக்கணப்படி அதனைச் சேர்த்து எழுதினால் தொகை 787 ஆகிவிடும்!

பாரசீக, உருதுப் புலவர்கள் ஒரு தொடருக்குள் ஆண்டைப் பொதிந்து வைக்க இக்கணக்கைப் பயன்படுத்தினர். ஹுமாயூன் மாடியிலிருந்து விழுந்ததைச் சொல்லும் பாரசீகத் தொடர் 962 எனக் கூடும். அவர் இறந்ததோ ஹிஜ்ரி 963-இல். ஓராண்டு குறைந்தும் அத்தொடர் புகழ்பெற்று நிலைத்தது.

மடல்கள் கிழிபட்டுக் காலடியில் கிடக்கும். இறைநாமம் அவ்வாறு கிடக்கலாகாது என்னும் பேணுதலே 786-ஐ எழுதுவோர் கூறும் காரணம். அந்த நோக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் சொல்லிலிருந்து எண்ணுக்குச் செல்ல ஒரே வழிதான் உண்டு. எண்ணிலிருந்து சொல்லுக்குத் திரும்ப வழிகள் எண்ணற்றவை. உருதுவில் எழுதப்படும் 'ஹரே கிருஷ்ணா' என்பதும் கூட்டினால் 786-தான். ஸுலைமான் நபி, கதிரவனை வணங்கிய ஸபா நாட்டு அரசிக்கு விடுத்த மடல் முழு பிஸ்மில்லாஹ்வுடன் தொடங்கியதைத் திருமறை (27:30) கூறுகிறது. நாவால் ஓதிவிட்டு எண்ணை வெறும் அடையாளமாக எழுதுவதில் குற்றமில்லை என்பாரும் உளர். எண்ணே வசனமாகிவிடாது என்பது நம் கருத்து.

எழுத்தோடு தொடர்பின்றியும் இவ்வெண்ணுக்கு ஒரு சிறப்பு உண்டு. 2, 3, 131 என்னும் மூன்று பகா எண்களின் பெருக்கம் இது. 1572 பொருள்களிலிருந்து 786-ஐத் தெரிவு செய்யும் வழிகளின் எண்ணிக்கை, எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணின் வர்க்கத்தாலும் வகுபடாது. ஓர் எண்ணின் இருமடங்கிலிருந்து அவ்வெண்ணளவு தெரிவு செய்யும்போது இவ்வாறு அமையும் எண்களுள், இதுவரை அறியப்பட்ட மிகப்பெரியது 786. அப்ஜத் அறியாத கணித அறிஞரும் இதனைப் போற்றுவர்.

அரபு நாடுகளில் அரிதான இவ்வழக்கம் நம் துணைக்கண்டத்தில் வேரூன்றியது. 1975-இல் வெளிவந்த 'தீவார்' இந்தித் திரைப்படத்தில் கதாநாயகனைக் காக்கும் வில்லையின் எண் 786. இவ்வெண் தாங்கிய ரூபாய்த் தாள்களைச் செலவிடாமல் சேர்ப்போரும் உண்டு. தமிழ் முஸ்லிம் வணிகர் பலர் வாழ்ந்த பர்மாவில் முஸ்லிம் கடைகளின் அடையாளமாகவே இது விளங்கிற்று. அங்குதான் இவ்வெண் விபரீதமாயிற்று. இலக்கங்களைக் கூட்டினால் 21 வருவதைக் காட்டி, 21-ஆம் நூற்றாண்டில் நாட்டைக் கைப்பற்றும் திட்டம் இதில் மறைந்துள்ளது என வதந்தி பரப்பப்பட்டது. எதிராகப் பௌத்தத் துறவியர் சிலர் 969 என்னும் எண்ணை முன்னிறுத்தினர். 2013-இல் அவ்வெண் ஒட்டப்பட்ட கடைகளிலேயே வாங்குக என்னும் பிரசாரம் நடந்தது. அவ்வாண்டு மார்ச்சில் மெய்க்திலா நகரில் முஸ்லிம்களின் இல்லங்களும் பள்ளிவாசல்களும் எரிந்தன.