ரத்தப் புற்றுநோயோடு வாழும் ஆண்டுகள்

ஆயுளை நீட்டிய மாத்திரை

எலும்பு மஜ்ஜையில் ஒரு மரபணுப் பிழையால் வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோய் சி.எம்.எல். முன்பெல்லாம் இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளிலேயே இறந்தனர். 2001-இல் பயன்பாட்டுக்கு வந்த இமாட்டினிப் என்ற மாத்திரை அந்த நிலையை மாற்றியது. தொடக்கக் கட்டத்திலேயே நோய் தெரிந்து, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுபவர்களில் பலர் இன்று ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே முழு ஆயுள் வாழ்கிறார்கள். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது. இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலைக்குக் கொடுத்தன. அந்நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. மலிவான மாத்திரை தொடர்ந்து கிடைக்க வழிசெய்ததால், ஏழைக் குடும்பங்களுக்கு அது உயிர்காத்த தீர்ப்பு.

வேலையும் மாத்திரையும்

இமாட்டினிப்பை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். குமரி மாவட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். கட்டன் சாயாவோடு மாத்திரையை விழுங்கினால் வாந்திதான் மிஞ்சும். மதியம் சோறும் மீன்கறியும் சாப்பிட்ட கையோடு, பெரிய தம்ளர் தண்ணீருடன் போடுவது நல்லது. கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்காலில் இழுப்பு, அசதி ஆகியவையும் வரலாம். இவற்றைப் பொறுக்காமல் மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் பேராபத்து. பத்தில் ஒரு பங்கு மாத்திரைகள் தவறினாலே, அதாவது மாதம் மூன்று விட்டாலே, பலன் வெகுவாகக் குறைவதை 2010-இல் வெளியான லண்டன் ஆய்வு காட்டியது. தொந்தரவை மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

பரிசோதனைப் பயணம்

உடம்பு தெளிந்துவிட்டதால் நோய் போய்விட்டதாகாது. மிஞ்சியிருக்கும் நோயை அளக்கும் ரத்தப் பரிசோதனை, தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவை. இதற்காகக் குமரி மாவட்டத்தார் பலர் நாடுவது, 1981-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தை. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கி.மீ. தூரம்தான், ஆனாலும் தினக்கூலிக்காரருக்கு ஒருநாள் சம்பளம் போகும். சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டு வாங்கலாம்.

வீட்டுக்குள்

மகளின் கல்யாணப் பேச்சு முறிந்துவிடும் என்று நோயை மறைக்கும் வீடுகள் உண்டு. மறைத்தால் மாத்திரையையும் ஒளிந்துதான் சாப்பிட வேண்டிவரும். இந்நோய் ஒட்டாது, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வழிவழியாக வருவதுமில்லை. கர்ப்பத்தில் இந்த மாத்திரை கருவைப் பாதிக்கும். குழந்தை வேண்டும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசித் திட்டமிட வேண்டும். பல ஆண்டுகள் நோய் மிக ஆழமாக அடங்கியிருந்தால், சிலருக்கு மருத்துவக் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கவும் வழியுண்டு.